வலைக்குப் பின்னால் எரிந்த விளக்கு

ஆண்டில் இரண்டு நாட்கள் எங்கள் கோயிலில் ஞானோபதேசம் சொல்லும் உபதேசியாரை யாராலும் சமாளிக்க முடியாது. ஒன்று ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தின் இரண்டாம் ஞாயிறு. மற்றது மலைக்காட்சித் திருநாளான ஆகஸ்ட் ஆறு. இரண்டு நாளும் பூசையில் வாசிக்கிற சுவிசேஷம் ஒன்றுதான். சேசுநாதர் இராயப்பர், யாகப்பர், அருளப்பர் என்ற மூன்று சீஷர்களை மட்டும் கூட்டிக்கொண்டு மலைமேல் ஏறுகிறார். அங்கே அவருடைய முகம் சூரியனைப் போலாகிறது, துணி வெளேரென்று ஒளிர்கிறது, பழங்காலத்துத் தீர்க்கதரிசிகளான மோயீசனும் எலியாசும் வந்து அவரோடு பேசுகிறார்கள். பூசை முடிந்ததும் உபதேசியார் கோயில் வாசலில் குடையை ஊன்றிக்கொண்டு நின்று, வெளியே வருகிறவர்களை மடக்குவார்.

"இன்னா கேட்டே உள்ள?"

"சேசுநாதர் மறுரூபமானாரு."

"மாறினாரா?"

"மாறினாருன்னுதானே சாமியார் வாசிச்சாரு."

"போ. திரும்ப உள்ள போய்க் கேட்டுக்கினு வா."

பூசை முடிந்த பிறகு உள்ளே கேட்க என்ன இருக்கும்? ஆனாலும் இரண்டொருவர் பயந்துபோய்த் திரும்பி உள்ளே நுழைவதை நானே பார்த்திருக்கிறேன்.

அவர் சொல்ல வந்தது இவ்வளவுதான். சேசுநாதர் அன்றைக்கு மாறவில்லை. தச்சுப் பட்டறையில் வேர்த்து விறுவிறுத்து இழைப்புளி தள்ளிய நாட்களிலும் அந்த ஒளி அவருக்குள்ளேயேதான் இருந்தது. மலைமேல் புதிதாக ஒன்றும் வந்து சேரவில்லை. மூன்று பேருக்குக் கண் திறந்தது. "சீஷருங்கதான் மாறினானுங்க. அவரு இல்ல" என்பார். நான் அப்போது மயிலாப்பூரில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. எங்கள் கோயில் சபைக்குக் காரியதரிசி. இதென்ன புதுச் சரக்கு என்று எனக்குச் சந்தேகம். பிற்பாடு பழைய புத்தகக் கடைகளில் வாங்கிப் படித்தவற்றில், கீழைத் திருச்சபையின் ஆதி ஆசிரியர்கள் அநேகமாக இதே கருத்தைச் சொல்லியிருக்கக் கண்டேன். ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட சங்கதி. எங்கள் சாந்தோம் கடற்கரைக் குப்பத்தில் அது குடையோடும் அதட்டலோடும் கிடைத்தது.

ஆள் கறுப்புக் கோட்டை எந்த வெயிலிலும் கழற்ற மாட்டார். மழைக்குக்கூடக் குடையை விரித்தவரில்லை; அது சுட்டிக்காட்டவும் தரையில் தட்டவும் வைத்திருந்த கருவி. சுவாமியாராகப் போகவேண்டும் என்று சிறு வயதில் குருமடத்தில் சேர்ந்து, சில வருஷங்கள் இலத்தீன் படித்துவிட்டு, ஏதோ வாக்குவாதத்தில் வெளியே வந்துவிட்டவர் என்று கேள்வி. என்ன வாக்குவாதம் என்று கேட்டால், "அவுங்களுக்குத் தெரியல, நான் இன்னா பண்ண?" என்பார். அடக்கம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. நல்ல தமிழ் பேச வரும், எங்களிடம்கூடப் பேசமாட்டார். குப்பத்து ஜனங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிச் சொல்லி அந்தப் பேச்சே வாயில் ஊறிவிட்டது.

"ஆள் மாறிட்டான்" என்று யாரைப் பற்றியும் அவர் காதில் விழச் சொல்லக்கூடாது. குப்பத்தில் ஒருவன் குடியை விட்டான். கோயில் பெஞ்சில் அவன் ஒழுங்காக உட்கார்ந்திருப்பதைப் பார்த்த என் தாயார், "அடையாளமே தெரியலை, எப்படி மாறிட்டான் பாருங்கோ" என்றார்.

"மாறலம்மா. குடிச்சிக்கினு கெடந்தப்பவும் அவன் இவன்தான். நீங்க இப்பதான் முழிச்சிக்கினீங்க."

"அப்போ நான் இத்தனை நாள் தூங்கினேன்னு சொல்றீரா?"

"மலைமேல அந்த மூணு பேரும் தூங்கித்தானே போனாங்க? அப்போஸ்தலருங்களே தூங்கியிருக்காங்க. நீங்க தூங்கினா தப்பில்ல."

என் தாயாருக்குக் கோபப்படுவதா பெருமைப்படுவதா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

இன்னொரு முறை, புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய பிள்ளைகளைப் படம் பிடிக்க லஸ்ஸிலிருந்து ஒரு போட்டோக்காரர் வந்தார். படத்தில் முகம் எடுப்பாக விழவேண்டும் என்று டப்பாவிலிருந்து பவுடர் எடுத்து ஒவ்வொரு முகத்திலும் அப்பிக்கொண்டு போனார். பின்னாலேயே உபதேசியார் துண்டை நனைத்துக்கொண்டு வந்து துடைத்துக்கொண்டே போனார். கடைசிப் பிள்ளையிடம் போய்த் திரும்பிப் பார்த்த போட்டோக்காரருக்கு அழுகை வராத குறை.

"என்ன சார் இது, என் தொழிலைக் கெடுக்கறீங்க?"

"எப்டி கீதோ அப்டியே புடி நைனா. மேல பூசற வெளிச்சம் கழுவினாப் போயிடும்."

ஒருநாள் நான் மடக்கினேன். "நல்லவன் ஒருத்தன் கெட்டுப்போனால்? அவனுக்குள் இருந்ததும் அதுதானா?" நன்றாக மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். குடையை ஒருமுறை தட்டிவிட்டு, வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சம் தணிந்து பேசினார்.

"மலையில மூஞ்சப் பாத்தது யாரு? மூணு பேரு. அவரப் புடிச்சிக்கினு போன ராத்திரி ஜெத்சமனித் தோட்டத்துல அதே மூஞ்சி ரத்தமா வேர்த்து மண்ணுல கெடந்தப்ப கிட்ட இருந்தது யாரு? அதே மூணு பேரு. ஏன் அவுங்களையே கூட்டிக்கினு போனாரு? நாளைக்கு அந்த மூஞ்சி அடிபட்டு, துப்பப்பட்டு, அடையாளமே இல்லாமப் பூடும். அப்ப இவருதான் அவருன்னு சொல்ல யாருக்காவது ஒரு தடவையாவது தெரிஞ்சிருக்கணும். கெட்டுப்போனவன் முன்னாடியும் எவனாவது ஒருத்தன் நின்னு, நான் உன்னப் பாத்திருக்கேன்டான்னு சொல்லணும். அதுக்குத்தான் மலை."

இந்த ஒரு பதிலுக்காகவே அவரைப் பற்றி எழுதவேண்டும் என்று வெகுநாளாக எண்ணம். ஆனால் அவர் சொன்னதைவிடச் செய்தது பெரிது. அது 1931, ஆகஸ்ட் ஆறு, வியாழக்கிழமை. கிழமையைப் பஞ்சாங்கத்திலும் சரிபார்த்துக்கொண்டேன். அது எதற்கு என்பது கடைசியில் தெரியும்.

அந்த வருஷம் திருநாளுக்குக் கோயில் பின்கட்டு மைதானத்தில் வாசாப்பு, அதாவது எங்கள் வேதக்காரர்கள் பரம்பரையாகப் போடும் கோயில் நாடகம், நடத்துவதென்று முடிவாயிற்று. விஷயம் மலைக்காட்சி. நடத்திக்கொடுக்க வேண்டியவர் உபதேசியார். அப்போது மாம்பலம் பக்கம் வயலெல்லாம் மனையாகி, மளமளவென்று வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அதில் மேலுக்கு வந்திருந்த கான்ட்ராக்டர் ஒருவர் எங்கள் பங்கில் பெரிய மனிதர். நாடகத்துக்கென்றே ஒரு பெரிய மின்சார விளக்கைத் தகரக் கூண்டோடு வரவழைத்து, மரப்பெட்டியில் வைக்கோல் அடைத்து, ஆணி அடித்தபடியே கோயிலுக்கு அனுப்பிவைத்தார். சேசுநாதர் மறுரூபமாகிற சமயத்தில் அதைப் பளிச்சென்று அவர்மேல் திருப்பவேண்டும். சேசுநாதராக நிற்கவேண்டியது தம்முடைய அக்காள் மகன் என்பது அவருடைய இன்னொரு நிபந்தனை. நல்ல சிவப்பு, சுருட்டை முடி, பட்டணத்துப் பெரிய கம்பெனி ஒன்றில் உத்தியோகம்.

உபதேசியார் இரண்டுக்கும் மாட்டேன் என்றார். அவர் பொறுக்கியிருந்த ஆள் சவரி. குப்பத்தில் கட்டுமரம் ஏறுகிறவன், முப்பது வயதிருக்கும். சிறு வயதில் அம்மை வார்த்து, முகம் முழுக்கத் தழும்பு.

பங்குச் சுவாமியாரின் அறையில் பேச்சு நடந்தது. காரியதரிசி என்ற முறையில் நானும் இருந்தேன்.

"அந்த அம்மைத் தழும்பு மூஞ்சியில என்ன ஜோதி தெரியும் உபதேசியாரே?" என்றார் கான்ட்ராக்டர். "ஜனங்க சிரிப்பாங்க. லைட்டாவது போட்டா தழும்பு மறையும். அதுவும் வேணாங்கறீர்."

"வெளியிலேர்ந்து அவர்மேல வெளிச்சம் அடிச்சா அது மறுரூபம் இல்ல, சினிமாக் கொட்டாய். அவருகிட்டேர்ந்து வரணும்."

"சவரிகிட்டேர்ந்து வருமா?"

"நான் பாத்துட்டேன். அவன் அப்பன் பாரிசவாயுல உழுந்து கெடக்கறாரு. ஒருநா சாயங்காலம் போறேன், அவன் சோத்தப் பெசைஞ்சு ஊட்டிக்கினு கீறான். அப்பன் துப்பறாரு. இவன் தொடைச்சிட்டு, இன்னொரு வாய் வெக்கிறான். அந்த மூஞ்ச நான் பாத்துட்டேன் சாமி. பாத்தவன் பாக்கலன்னு சொல்லக்கூடாது."

சுவாமியார் எங்கள் ஜில்லாக்காரர்தான், பொறுமைசாலி. ஆனால் கோயிலுக்குக் கான்ட்ராக்டரின் தயவு வேண்டியிருந்தது. உபதேசியார் பக்கம் திரும்பினார்.

"நீரே நடத்தும். உம்முடைய இஷ்டப்படி நடத்தும். ஆனால் ஜனங்கள் சிரித்தார்களோ, திருநாள் கேலிக்கூத்தாயிற்றோ, அடுத்த மாதம் நீர் செங்கற்பட்டுக்கு அப்பால் ஒரு சின்னக் கோயிலுக்குப் போகவேண்டியிருக்கும். இந்தக் குப்பத்துக்கு வேறு ஆளைப் போடுவேன். சம்மதமா?"

உபதேசியார் அந்தக் குப்பத்தில் ஞானஸ்நானத்துக்குத் தயார் செய்யாத ஆள் இல்லை, கல்லறைவரை கூடப்போகாத சவம் இல்லை. அதைவிட்டால் அவருக்கு வேறு வீடு வாசல் கிடையாது. "சம்மதம்" என்றார், இலத்தீனில். கோபம் வந்தால் அவருக்கு இலத்தீன் வரும்.

அவருடைய ஏற்பாடு வேறு எங்கும் நான் கண்டும் கேட்டும் அறியாதது. மேடைக்கு முன்னால் இரண்டு கம்பம் நட்டு, குறுக்கே மூங்கில் கட்டி, குப்பத்தின் பழைய வலைகளைக் கேட்டு வாங்கி, மடிப்பு மடிப்பாக ஒன்றன்மேல் ஒன்று தொங்கவிட்டார். பட்டைச் சாயத்தில் தோய்த்துத் தோய்த்துக் கறுத்துப்போன வலைகள். மேடையில் ஆரம்பத்திலிருந்தே இரண்டு காஸ் விளக்குகள் எரியும். நாடகம் முழுக்க வலைக்கு அந்தப் பக்கம் நடக்கும். மலையுச்சிக் கட்டத்தில் வலையை இறக்கவேண்டும், பிறகு ஏற்றவேண்டும். கப்பியில் கயிறு போட்டு இழுக்கக் குப்பத்து ஆட்கள் நாலு பேர், ஜனங்களோடு கீழே.

ஒத்திகையெல்லாம் பகலில்தான். குப்பத்து ஆட்கள் விடியுமுன் கடலுக்குப் போகிறவர்கள்; இருட்டினால் படுத்துவிடுவார்கள். மத்தியான வெயிலில் வலை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஒருநாள் வந்து பார்த்த கான்ட்ராக்டர், "எல்லாம்தான் தெரியுதே, எதுக்கு இந்த மீன்நாத்தம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். உபதேசியாரும் இருட்டில் அதைப் பார்த்ததில்லை. சாயங்காலம் எப்படி வரும் என்று அவருக்கே தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

மோயீசனாக நிற்க ஒப்புக்கொண்ட கிழவருக்கு வேறு கவலை.

"நான் வந்து இன்னா பேசணும் உபதேசியாரே?"

"எருசலேம்ல அவரு சாவப் போறதப் பத்திப் பேசணும்."

"நல்ல நாளும் அதுவுமா சாவா? எலியாசு வேணா பேசட்டும். நான் ஆசீர்வாதம் பண்றேன்."

"ஜோதி ஜொலிக்கிற நேரத்துல அவுங்க பேசினதே அதுதான்யா. வேதத்துல அப்டித்தான் கீது. சிலுவை இல்லாத ஜோதி வேணும்னா வாணக்கடைக்குப் போ."

கிழவர் முணுமுணுத்துக்கொண்டே சாவைப் பற்றிப் பேசப் பழகினார்.

ஆறாம் தேதி சாயங்காலம் குப்பம் முழுக்க மைதானத்தில். மயிலாப்பூர்ப் பக்கத்து உத்தியோகக் குடும்பங்களுக்கு முன்வரிசையில் நாற்காலி. தேய்பிறை, நிலா இல்லை. சுவிசேஷத்தை வாசிக்கும் வேலை எனக்கு. கம்பத்தோரம், வலைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். அதனால் மேடையையும் பார்க்க முடிந்தது, ஜனங்களையும் பார்க்க முடிந்தது.

இருட்டியதும் வலை வேலையைக் காட்ட ஆரம்பித்தது. மேடையில் ஆட்கள் நடமாடுவது அந்தி மசங்கலில் தெருவில் போகிறவர்களைப்போலத் தெரிந்தது. சவரி அவன் தாய் வெளுத்துக்கொடுத்த ஒற்றை வேட்டியும் மேல்துண்டுமாக வந்தான். ஆரம்பம் முதல் கடைசிவரை அதுதான் உடுப்பு. முகம் பிடிபடவில்லை. முன்வரிசையில், "ஒண்ணுமே தெரியலையே", "யார் அது, மீன்காரனா?" என்று பேச்சு எழுந்தது. யாரோ சிரித்தார்கள். கான்ட்ராக்டர் திரும்பிச் சுவாமியாரைப் பார்த்தார். உபதேசியாரின் குடை மண்ணில் புதைந்து நிற்பதை நான் பார்த்தேன்.

சீஷர்கள் மூவரும் படுத்துத் தூங்கினார்கள். நான் வாசிக்கவேண்டிய வசனத்தை வாசித்தேன். குடை ஒருமுறை தட்டியது. கயிறு தளர்ந்தது. வலை மொத்தமாகச் சரிந்து தரையில் விழுந்தது.

அந்த நிமிஷத்தை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, சரியாக எழுத வராது என்பதால். அரைமணி நேரம் மங்கலுக்குப் பழகிப்போன கண்களுக்கு முன்னால், இரண்டு காஸ் விளக்குகளுக்கு நடுவில், ஒரு மனிதன் நின்றான். வேட்டி கண் கூசியது. முகம் வேர்த்துப் பளபளத்தது. தழும்புகள் மறையவில்லை. ஒவ்வொன்றும் தெரிந்தது, ஒவ்வொன்றிலும் வெளிச்சம் தங்கியிருந்தது. அவன் நடிக்கவில்லை, நடிக்கவும் அவனுக்குத் தெரியாது. நேராக எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான், அவ்வளவுதான். பின்னால் பெண்கள் பக்கமிருந்து "சேசுவே" என்று ஒரு குரல் வந்தது. பிறகு அலைச்சத்தம் கேட்டது.

இராயப்பராக நடித்த அந்தோணி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, "ஆண்டவரே, நாம இங்கியே இருந்துடலாம், நான் மூணு குடிசை போட்டுடறேன்" என்று தன் பாடத்தைச் சொன்னார். மோயீசன் சாவைப் பற்றிப் பேசினார், கிசுகிசுப்பாக. இரண்டாவது முறை குடை தட்டியது. வலை ஏறவேண்டும். ஏறவில்லை.

திரும்பிப் பார்த்தேன். கயிற்றைப் பிடித்திருந்த நாலு பேரும் வாயைத் திறந்தபடி மேடையைப் பார்த்துக்கொண்டு மரம்மாதிரி நின்றார்கள். பகலில் எத்தனையோ ஒத்திகை பார்த்தவர்கள். இதை அவர்களும் இப்போதுதான் பார்க்கிறார்கள். குடை மறுபடி தட்டியது. ஒருவன், "இருக்கட்டும் உபதேசியாரே, இன்னும் கொஞ்ச நேரம்" என்று கெஞ்சினான்.

"இழுங்கடா! இராயப்பரு பண்ண தப்பையே நீங்களும் பண்றீங்களே! மலையிலியே குடித்தனம் பண்ணவா வந்தோம்? வேதத்துல மலைக்குக் கீழ நோயாளிப் பையனோட ஒருத்தன் காத்துக்கினு கீறான், எறங்கணும்!"

மைதானம் பூராவும் சிரித்தது. அது கேலிச் சிரிப்பு இல்லை, சுவாமியாரும் சிரித்தார். கயிறு இழுபட்டது. வலை ஏறியது. மேடை மறுபடி மங்கிற்று. மோயீசனும் எலியாசும் போய்விட்டார்கள். வேட்டி உடுத்திய ஓர் ஆள் மட்டும் தூங்கி எழுந்தவர்களைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிக்கொண்டிருந்தான். அப்போது சவரியின் தாய் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது:

"இப்ப வல இருந்தாக்கூடத் தெரியுதுடி."

உபதேசியார் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அவருடைய வாழ்நாள் பிரசங்கத்தை ஒரு மீன்காரி ஒரே வரியில் முடித்துவிட்டாள். அதற்காக அவர் பொறாமைப்பட்டார் என்றுகூடத் தோன்றியது.

நாடகம் முடிந்ததும் கான்ட்ராக்டர் மலர்ந்த முகத்தோடு எழுந்து வந்தார்.

"பாத்தீங்களா சாமி? அத்தனை வீம்பு பேசிட்டு, கடைசியில நம்ம லைட்டைத்தான் போட்டார்! அது இல்லாட்டி இந்த ஜோதி வருமா? எங்க மறைச்சு வெச்சு அடிச்சீர் உபதேசியாரே?"

உபதேசியார் குடையால் "வாங்க" என்று சைகை காட்டிவிட்டு முன்னால் நடந்தார். சுவாமியாரும் கான்ட்ராக்டரும் நானும் பின்னால் போனோம். கோயில் சக்ரீஸ்து அறையில், பூசை உடுப்புகள் வைக்கும் அலமாரிக்குப் பக்கத்தில், அந்த மரப்பெட்டி வந்தபடியே இருந்தது. ஓர் ஆணிகூடப் பிடுங்கப்படவில்லை. இடுக்கில் வைக்கோல் நீட்டிக்கொண்டிருந்தது.

கான்ட்ராக்டர் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். மூடியை அசைத்துப் பார்த்தார்.

"அப்போ அந்த நேரத்துல என்ன விளக்கு ஏத்தினீர்?"

"ஒண்ணும் ஏத்தல. மொதல்லேர்ந்து அதே ரெண்டு காஸ் விளக்குதான். உங்க கண்ணுக்கு முன்னாடி தொங்கிக்கினு இருந்தத எறக்கினேன்."

அவர் நம்பவில்லை. நேரே மைதானத்துக்குத் திரும்பி, மேடையைச் சுற்றிவந்து பார்த்தார். இரண்டு விளக்குகள்தான். அவற்றுக்கு நடுவில் சவரி நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். கான்ட்ராக்டர் அவனெதிரில் போய் நின்றார். நல்ல மனிதர்தான், முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நீ எந்தப் பக்கம்பா? இதுக்கு முன்னாடி உன்னை நான் பார்த்ததே இல்லையே."

சவரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னா எசமான் அப்டி சொல்லிட்டீங்க? கறி ஆகாத நாளுன்னு வெள்ளிக்கெழம தவறாம உங்க ஊட்டாண்ட மீனு கொண்டாந்து குடுக்கறது நான்தானே? கொல்லப்பக்கமா வருவேன். நீங்க கூடத்துல உக்காந்து பேப்பர் படிச்சிக்கினு இருப்பீங்க."

சுவாமியார் உபதேசியாரின் தோளில் கைவைத்து, "செங்கற்பட்டுக்கு வேறு ஆளைத்தான் தேடவேண்டும்" என்றார். உபதேசியார் அதைக் கேட்டமாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. அவருடைய கண் சவரிமேலேயே இருந்தது. எனக்கும் அப்படித்தான். எங்கள் குப்பம், எங்கள் கோயில், எங்கள் ஆள் என்று நெஞ்சு நிமிர்ந்தது. இன்று எழுதும்போதும் நிமிர்கிறது.

சவரி துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டான்.

"நாளைக்கும் வெள்ளிக்கெழமதான் எசமான். வஞ்சிரம் வேணுமா, சங்கரா போதுமா?"